மடிப்பு அக்காவின் முகம்

மழைக்காலம் வந்துவிட்டால் சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் இருமல் வந்துவிடும். வெளியே ஈரம், உள்ளே ஆவி. ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். பிரித்து, கறை பார்த்து, பெரிய இயந்திரங்களில் போட்டு அலசிப் பிழிந்து, கடைசியில் ரோலருக்குக் கொண்டுவருவார்கள். ரோலர் என்பது ஒரு லாரி நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் சூடான உருளை. இந்தப் பக்கம் இரண்டு பெண்கள் நின்று ஈர விரிப்பின் முனைகளைப் பிடித்து இழுத்து அதன் வாயில் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் அது காய்ந்து, சுருக்கம் போய், தொட்டால் சுடும்படி வெளியே வரும். அங்கே இரண்டு பெண்கள் பிடித்து மடிப்பார்கள். பேச நேரமிருக்காது. ஆனாலும் வாய் ஓயாது.

பெரியவள் நிற்பது மடிக்கும் பக்கம். முன்பு அவள் கொடுக்கும் பக்கத்தில் நின்றவள்தான். ஒரு நாள் தலைக்கு மேலே போகும் நீராவிக் குழாயின் மூட்டு கழன்று ஆவி பீறிட்டது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது. இடது கன்னமும் காதும் கழுத்தும் தப்பவில்லை. ஆறிய பிறகு அந்த இடத்துத் தோல் கசங்கி, பளபளத்து, வாயின் இடது ஓரத்தைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டது. சிரித்தால் பாதி முகம்தான் சிரிக்கும். மறுபாதி எதையோ பொறுத்துக்கொண்டிருப்பது போல இருக்கும்.

"ஊர்த் துணிக்கெல்லாம் சுருக்கம் எடுக்கறேன். எனக்குன்னு ஒரு ரோலர் இல்லையே" என்று அவளே சொல்வாள். கூட நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு அந்த முகம் பழகிப்போயிருந்தது. அவளோடு ஜோடியாக மடிப்பவளுக்கு ரேடியோ என்று பெயர். வாயை மூடத் தெரியாது என்பதால் வைத்தது. ரேடியோ சிரிக்கிற சிரிப்பில் ஆவிச் சத்தமே அடங்கிப்போகும்.

வெளியே அப்படியில்லை. பஸ்ஸில் ஏறினால் இடது கன்னம் ஜன்னலைப் பார்க்கிற மாதிரி இடம் பிடிப்பாள். அது கிடைக்காத நாளில் நின்றுகொண்டே வருவாள். கடையில் சாமான் கேட்கும்போது கொஞ்சம் ஒருக்களித்து நிற்பாள். பிள்ளைகள் வெறித்துப் பார்த்தால் அவளே தலையைக் குனிந்துகொள்வாள். அதெல்லாம் கைவேலை மாதிரி அவளுக்குப் படிந்துவிட்டது. யோசித்துச் செய்வதில்லை.

வீடு நாலாவது மாடியில், இரண்டே அறை. அவள் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனையோ கட்டடங்களின் லிஃப்டுகள் அவன் கைபட்டுத்தான் ஓடின. சொந்தக் கட்டடத்து லிஃப்ட் மட்டும் கீழே கதவு பாதி திறந்தபடி செத்துக் கிடந்தது.

"ஊரையே ஏத்தி இறக்கறீங்க. கட்டின பொண்டாட்டி மூச்சு வாங்கி ஏறி வரா" என்பாள் அவள்.

"பார்ட்ஸ் வாங்கித் தரச் சொல்லு கட்டடக்காரனை. நான் என் முதுகுல வச்சு இழுக்கறதா?" என்பான் அவன். இது அவர்களுக்குள் வாரத்துக்கு ஒரு தரமாவது நடக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் இப்படிச் சில பேச்சுகள் பிள்ளை போல வளர்ந்துகொண்டிருந்தன.

அந்த வீட்டுக்குத்தான் சின்னவள் ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தாள். பெரியவளுக்கு ஒரே தங்கை. செருப்புக் கடையில் வேலை பார்த்தவள். கடையை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை கிடைக்கும்வரை என்று வந்தவள், முன்னறையில் பாயைப் போட்டுக்கொண்டாள். பகலெல்லாம் போனும் கையுமாக இருந்தாள். தன்னைத்தானே படம் எடுப்பாள். ஜன்னல் பக்கம் திரும்பி எடுப்பாள், சுவர்ப் பக்கம் திரும்பி எடுப்பாள், மோவாயைத் தூக்கி எடுப்பாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழிப்பாள். மிஞ்சுகிற ஒன்றையும் பில்டர் போட்டு, மூக்கைச் சின்னதாக்கி, தோலை வெளுப்பாக்கித்தான் வெளியே விடுவாள். எப்போதோ ஒரு படத்தின் கீழே எவனோ "கிளி" என்று ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான். அன்றிலிருந்து அவள் மூக்கு அவளுக்கு எதிரியாகிவிட்டது.

"நல்லாத்தானே இருக்கே, எதுக்குடி இப்படி அழிச்சு அழிச்சு எழுதறே?" என்று பெரியவள் கேட்டால், "உனக்குப் புரியாதுக்கா" என்பாள்.

முதல் வீடியோ ஒரு விடுமுறை நாளில் எடுத்தது. விடாத மழை. வீட்டுக்குள்ளேயே கயிறு கட்டித் துணி தொங்கியது. பெரியவள் தரையில் உட்கார்ந்து, நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் பந்தாகச் சுருட்டி மூலையில் எறிகிற துணி அது. அவள் ஒரு மூலைக்குள் இன்னொரு மூலையைச் சொருகி, உதறி, நீவி, புத்தகம் போலச் சதுரமாக்கி வைத்துவிடுவாள். கை பாட்டுக்கு வேலை செய்ய, வாய் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது.

"ஓட்டல் மூட்டையில போன வாரம் ஒரு பல்செட்டு வந்துச்சுடி. திருப்பி அனுப்பினோம். எங்க ஆளு யாரும் பல்லில்லாமப் போகலைன்னு அவங்க திருப்பி அனுப்பிட்டாங்க. இப்போ சூப்பர்வைசர் மேசையில உக்காந்து சிரிச்சுக்கிட்டிருக்கு. திட்டு வாங்கப் போனா, அவரைப் பாக்கறதா அதைப் பாக்கறதான்னு தெரியல."

அவள் குரல் ஆவி குடித்துக் கொஞ்சம் கரகரத்த குரல். அடித்தொண்டையிலிருந்து, அவசரமில்லாமல் வரும். சின்னவள் போனை மடியில் வைத்தபடியே எடுத்துவிட்டாள். பிறகுதான் கேட்டாள்.

"அக்கா, இதைப் போடவா? கை மட்டும்தான் தெரியுது. மூஞ்சி வரவே இல்ல."

"கைதானே. போட்டுக்கோ. கையில என்ன இருக்கு?"

இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. பார்த்தவர்களே "மடிப்பு அக்கா" என்று பெயரும் வைத்துவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னொன்று, பிறகு இன்னொன்று. பெரியவள் வெங்காயம் உரிக்க, சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து கமெண்டுகளைப் படிப்பாள்.

"'அக்கா குரலைக் கேட்டா எங்க அம்மா ஞாபகம் வருது.' 'அக்கா, நீங்க பேசிட்டே இருங்க, நான் தூங்கிடறேன்.' இதக் கேளுக்கா, 'அக்கா கையைப் பிடிச்சுக்கணும் போல இருக்கு.'"

"பிடிச்சாத் தெரியும், காய்ச்சுப்போன கை" என்று பெரியவள் வெங்காயத்தை நறுக்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதற்கு வெங்காயம் மட்டும் காரணமில்லை.

லிஃப்ட்காரனுக்கு மட்டும் அது ஒட்டவில்லை. ஒரு வீடியோவில் பின்னால் கயிற்றில் அவன் பனியன் தொங்கியது. அதிலிருந்த ஓட்டையைப் பார்த்து யாரோ, "மாமாவுக்கு ஒரு பனியன் வாங்கிக் குடுங்கக்கா" என்று எழுதியிருந்தார்கள்.

"என் பனியன் ஓட்டை வரைக்கும் ஊருக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றான்.

"சும்மா தமாஷ் மாமா" என்றாள் சின்னவள்.

"தமாஷ்தான். ஆனா சாப்பிட உக்காந்தா யாரோ ஜன்னல்ல நின்னு எட்டிப் பாக்கற மாதிரி இருக்கு. நாலாவது மாடியில இருந்து என்ன புண்ணியம்?"

அவன் பனியனை உள்ளறையில் காயப்போடத் தொடங்கினான். பெண்டாட்டி பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சமைப்பதை வெகுகாலத்துக்குப் பிறகு கேட்கிறான். அதைக் கெடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

கையைப் பார்த்தவர்கள் பிறகு முகத்தைக் கேட்டார்கள். முதலில் ஆசையாக, பிறகு உரிமையாக. "முகத்தைக் காட்டுங்கக்கா." "இவ்வளவு அன்பாப் பேசறவங்க எப்படி இருப்பாங்க?" கொஞ்ச நாளில் வேறு மாதிரியும் வந்தது. "எதையோ மறைக்கறாங்க." "ஆம்பளையா இருக்கும், குரலைக் கேட்டாத் தெரியல?"

சின்னவள் அவற்றைப் படிக்காமல் தாண்டினாள். ஆனால் பெரியவளே ஒரு நாள் போனை வாங்கி, எழுத்துக்கூட்டி எல்லாவற்றையும் படித்துவிட்டாள்.

"ஏன்டி இதையெல்லாம் எனக்குப் படிச்சுக் காட்டல?"

"விடுக்கா. வெட்டிப் பசங்க."

பெரியவள் போனைத் திருப்பிக் கொடுத்தாள். கை தன்னால் கன்னத்துக்குப் போனது.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்புமுன் அவள் தலைவாரிக்கொண்டிருந்தபோது சின்னவள் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "ஒரு நிமிஷம் இதைப் பாரு. யாருக்கும் போடப்போறதில்ல. நீ மட்டும் பாரு."

கண்ணாடி போல அதில் ஒரு பெண் தெரிந்தாள். பெரியவளின் சேலை, பெரியவளின் சீப்பு, பெரியவளின் கண். கன்னம் மட்டும் வழுவழுவென்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. வாய் நேராக இருந்தது. பெரியவள் சீப்பை நகர்த்தினாள், அவளும் நகர்த்தினாள். பெரியவள் மெல்லச் சிரித்தாள். அந்தப் பெண் முகம் முழுவதும் சிரித்தாள்.

"இது யாருடி?"

"நீதான்க்கா. பில்டர். தழும்பு, புள்ளி எதைப் பாத்தாலும் அதுவே வழிச்சு எடுத்துடும்."

வெகுநேரம் அவள் நகரவில்லை. பஸ் தவறிப்போகும் என்று சின்னவள்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. படியிறங்கப் போனவள் வாசலில் நின்று, "அதை யாருக்கும் காட்டிடாதே" என்றாள்.

இதைச் சொன்னவள்தான் வாரம் முடிவதற்குள் சின்னவளின் பாயில் வந்து உட்கார்ந்தாள். "ஒரே ஒரு தடவை. அந்தாளு ஆம்பளைன்னு எழுதினானே, அவன் வாயை அடைக்கறதுக்கு. அப்புறம் வேணாம்."

"நிஜமாவா? அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன். மாமாகிட்ட இப்போ சொல்லாதே."

அந்த ஒரு தடவைக்குப் பிறகு கையை மட்டும் காட்டிய வீடியோ எதுவும் வரவில்லை. "தேவதை மாதிரி இருக்கீங்க", "இந்த வயசுல இப்படி ஒரு சருமமா, ரகசியம் சொல்லுங்கக்கா" என்று குவிந்தது. பெரியவள் தன் பழைய போனிலும் அந்தப் பில்டரைப் போட்டுத் தரச் சொன்னாள். தேநீர் இடைவேளையில் ரேடியோவிடம்கூடச் சொல்லாமல் மடித்த விரிப்புகள் அடுக்கும் கிடங்குக்குள் போவாள். வெள்ளை அடுக்குகளுக்கு நடுவில் நின்று போனை உயர்த்துவாள். இடமும் வலமும் திரும்புவாள். ஒரு படம் எடுத்துக்கொள்வாள். வெளியே வரும்போது அவள் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

"எங்கடி போய்த் தொலையறே?" என்று ரேடியோ கேட்டாள்.

"கணக்கு எடுக்கப் போனேன்."

"கணக்கு எடுக்கறவ மூஞ்சியில இவ்வளவு சந்தோஷமா?"

வீட்டில் வாஷ்பேசினுக்கு மேலே இருந்த கண்ணாடியை அவள் பார்ப்பது நின்றுபோனது. பொட்டுகூட விரலால் தடவிப் பார்த்தே வைத்துக்கொண்டாள்.

லிஃப்ட்காரனுக்கு விஷயம் வேலையிடத்தில்தான் தெரிந்தது. அன்று சாயங்காலம் தட்டில் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"இன்னிக்கு ஒரு கட்டடத்துல வாட்ச்மேன் போனைக் காட்டினான். 'இவங்க பேச்சைக் கேட்டுக்கிட்டேதான் சார் என் டூட்டி ஓடுது'ன்னான். குரலைக் கேட்டதும் தெரிஞ்சுபோச்சு. மூஞ்சியப் பாத்தாத் தெரியல."

சின்னவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

"என் பொண்டாட்டின்னு சொல்ல வாய் வரலை" என்றான்.

"ஏன் வரலை?" என்றாள் பெரியவள். "நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. யாரோ நல்லா இருக்காங்க."

"யாரோ இல்ல. அடிபடறதுக்கு முந்தி நான் அப்படித்தானே இருந்தேன்?"

அவன் ரொட்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தான். "இல்ல. உன் வாய்க்கிட்ட ஒரு மச்சம் இருக்கே, அதைக் காணோம். உன் மூக்கும் அப்படி ஒட்டி இருந்ததில்ல. முந்தின உன்னை எனக்குத் தெரியாதா? இது அவளும் இல்ல, நீயும் இல்ல."

"உங்களுக்கு என்ன. வீட்டுக்குள்ள பாத்துப் பழகிட்டீங்க. பஸ்ல நான்தானே போறேன்." அவள் எழுந்துகொண்டாள். "இத்தனை வருஷத்துல ஒருத்தராவது என்னைப் பாத்ததும் திரும்பிக்காம இருந்திருக்காங்களா? இப்போ இருக்காங்க. அது உங்களுக்குப் பொறுக்கல."

"பொறுக்கலைன்னு சொன்னேனா? பயமா இருக்கு."

"எதுக்கு பயம்?"

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். பிறகு கொஞ்ச காலம் அந்த வீட்டில் லிஃப்ட் பற்றிய பேச்சுகூட நடக்கவில்லை.

சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கும் மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். வாயில் துணி கட்டி, கையுறை போட்டு, யாரோடும் அதிகம் பேசாமல் வேலை செய்வாள். ஒரு நாள் ரோலர் பக்கம் மூட்டை தள்ளி வந்தவள், பெரியவள் ஏதோ சொல்லிச் சிரிப்பதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் குரலைக் கேட்டாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். கையுறையைக் கழற்றிப் போனை எடுத்தாள். பெரியவள் அதைக் கவனிக்கவில்லை. இயந்திரத்துக்கு முன்னால் நிற்கும்போது அவள் முகத்தைப் பற்றி நினைப்பதே இல்லை.

அடுத்த நாள் எல்லோர் போனிலும் ஒரு படம் வந்துவிட்டது. திரை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு பக்கம் வழுவழுப்பான மடிப்பு அக்கா. இன்னொரு பக்கம் ஆவிக்கு நடுவில், வியர்வை வழிய, வாயைத் திறந்து சிரிக்கும் பெரியவள். இடது பக்கத்திலிருந்து, மிக அருகில் இழுத்து எடுத்தது. மேலே "மடிப்பு அக்காவின் உண்மை முகம்" என்று எழுதியிருந்தது.

பெரியவள் அதை ரேடியோவின் போனில்தான் பார்த்தாள். தன்னை வெளியிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. சிரித்த நேரத்தில் எடுத்ததுதான். ஆனால் படத்தில் யாரோ அவள் வாயில் தூண்டில் போட்டு இழுப்பது போல இருந்தது. "நான் சிரிச்சா இப்படியா இருக்கு?" என்று கேட்டாள்.

ரேடியோ போனைப் பிடுங்கப் பார்த்தாள். பெரியவள் விடவில்லை.

கீழே எழுதியிருந்ததை எல்லாம் அவள் படித்தாள். ஏமாற்றுக்காரி என்றார்கள். பேய் என்றார்கள். அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். "பாவம், இந்த முகத்தை வச்சுக்கிட்டு எப்படி வாழறாங்களோ" என்று ஒரு பெண் எழுதியிருந்தாள். அங்கே படிப்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்குள் ரேடியோ, படத்தைப் போட்டவள் பெயரைப் பார்த்துவிட்டு, பிரிக்கும் மேசைக்குப் போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து வந்திருந்தாள். "சொல்லுடி. இவ உனக்கு என்ன பண்ணினா? சோத்துல மண்ணப் போட்டாளா?"

அந்தப் பெண் வாயில் கட்டிய துணியை இறக்கினாள். சின்னப் பெண்தான். கன்னமெல்லாம் பரு வந்து ஆறிய குழிகள்.

"நான் பொய் எதுவும் போடலையே. உள்ளதைத்தானே போட்டேன்" என்றாள். "தினமும் உங்க வீடியோ பாத்துட்டுத்தான்க்கா தூங்குவேன். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் வீட்டைவிட்டே வெளிய வராம இருந்தவ. உங்களைப் பாத்து எவ்வளவு ஏங்கியிருக்கேன் தெரியுமா? எங்க அம்மா வயசு அவங்களுக்கு, ஒரு புள்ளிகூட இல்ல, நமக்கு ஏன் இப்படின்னு. நீங்க சொன்னீங்கன்னு பச்சைத் தண்ணியில மூஞ்சி கழுவினேன். கடைசியில எல்லாம் பொய்யி."

"ரகசியம் கேட்டாங்களேன்னு சும்மா சொன்னதும்மா அது" என்றாள் பெரியவள்.

"நீங்க இப்படியே வந்திருந்தா நான் உங்களைக் கும்பிட்டிருப்பேன்க்கா."

"நீ கும்பிட்டிருப்பே. மத்தவங்க?"

அந்தப் பெண் அழுதாள். ரேடியோ பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள். "அழிச்சிடறேன்க்கா" என்றாள் அந்தப் பெண். அழிக்கவும் செய்தாள். ஆனால் அதற்குள் அது அவள் கையைவிட்டுப் போய், எத்தனையோ பேர் கையில் எத்தனையோ விதமாக வெட்டி ஒட்டப்பட்டிருந்தது.

மதியம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். நல்ல மனிதர்தான். கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் படத்துல உன் வேலைச் சட்டையில நம்ம கூடத்துப் பேர் தெரியுதும்மா. எப்படிக் காயம் பட்டுச்சுன்னு ஆளாளுக்குக் கேக்கறாங்க. இங்கதான் பட்டுச்சான்னு ஆஸ்பத்திரியில இருந்தே கேக்கறாங்க. முதலாளி பயப்படறார். கொஞ்ச நாளைக்கு நீ பின்னாடி பாய்லர் பக்கம் இரு. யாராவது கேட்டா... வீட்டுல அடுப்புல பட்டதுன்னு சொல்லிடேன்."

"என் மூஞ்சியப் பத்தி இன்னொரு பொய்யா சார்?" என்றாள் அவள்.

அவர் மேசையில் இருந்த காகிதங்களைச் சரிசெய்துகொண்டிருந்தார். அவள் பாய்லர் பக்கம் போய்விட்டாள். அங்கே மடிக்க எதுவுமில்லை. கிழிந்த விரிப்புகளைத் துடைப்புத் துணியாகக் கிழிக்கிற வேலை. பேசவும் ஆளில்லை.

வீட்டில் சின்னவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். லிஃப்ட்காரன் அவளைத் திட்டுவான் என்று பெரியவள் பயந்தாள். அவன் திட்டவில்லை. ஒரு நாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்டான்.

"அந்தத் தழும்பை எடுக்கணும்னு உனக்கு யாரும்மா சொன்னது? நாங்க எல்லாம் அந்தக் கன்னத்தைப் பாத்துக்கிட்டுத்தானே வாழ்ந்தோம். அது அழிக்க வேண்டியதுன்னு நீயும் நினைச்சியா?"

"நான் அக்கா சந்தோஷமா இருக்கட்டும்னுதான் மாமா..."

"தெரியும். உன் மூக்கையும் அப்படித்தானே அழிக்கறே."

சின்னவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். விம்மல் சத்தம் உள்ளறைவரை கேட்டது. பெரியவள் எழுந்துபோய் அவள் தலையைத் தடவிக் கொடுத்தாள். "அவர் சொல்றதை விடு. நான் கேட்டுத்தானே போட்டே" என்றாள். அது அவளுக்கே ஆறுதலாக இல்லை.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சாயங்காலம் பெரியவள் படியேறி வந்தபோது, சின்னவள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். குளித்து, தலைவாரி, பல நாளுக்குப் பிறகு முட்டை பொரித்து வைத்திருந்தாள்.

"அக்கா, எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அந்தப் பக்கமே இப்போ இல்ல. மடிப்பு அக்கான்னு தேடினா நம்ம வீடியோ ஒண்ணுகூட வராது."

பெரியவள் பையைக் கீழே வைத்தாள். "எல்லாத்தையும்னா?"

"எல்லாத்தையும். கை மட்டும் வர்றது, பல்செட்டுக் கதை, எல்லாம். உன் போனை இன்னிக்கு வீட்டிலேயே வச்சுட்டுப் போயிருந்தியே, அதுல இருந்ததையும் அழிச்சுட்டேன்க்கா. இனிமே அந்தச் சனியன் நமக்கு வேணாம்."

பெரியவள் மேசைமேல் இருந்த தன் போனை எடுத்துப் பார்த்தாள். வெள்ளை அடுக்குகளுக்கு நடுவில் எடுத்த படங்கள் ஒன்றுமில்லை.

"அவ எடுத்தது?"

"எது?"

"என்னைக் கேக்காம எடுத்தாளே. அது?"

சின்னவள் முகம் வாடியது. "அது நம்ம கையில இல்லக்கா. யார் யாரோ வச்சிருக்காங்க. அது இருக்கும்."

"அப்போ அது மட்டும்தான் இருக்கும்" என்றாள் பெரியவள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் ஆசைப்பட்டு எடுத்தது எல்லாம் போச்சு. கேக்காம எடுத்தது மட்டும் நான் செத்த பிறகும் இருக்கும். என் போன்ல இருந்ததை அழிக்க முந்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு உனக்குத் தோணலையாடி? அதை நான் யாருக்கும் காட்டலையே. எனக்காகத்தானே வச்சிருந்தேன்."

"அக்கா, நான் உனக்கு நல்லதுன்னு..."

"எல்லாரும் எனக்கு நல்லதுதான் பண்றீங்க."

சின்னவள் அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவசரமாகத் தன் போனை எடுத்தாள். "திரும்ப எடுத்துக்கலாம்க்கா. பில்டர் என்னுதுல இன்னும் இருக்கு. உனக்கு மட்டும். யாருக்கும் போகாது, சத்தியமா. நிமிர்ந்து பாரு."

பெரியவள் மறுக்கவில்லை. முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தாள். ஜன்னல் வெளிச்சம் போதாமல் சின்னவள் போனைக் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தாள். திரையில் அந்தப் பெண் வந்தாள். அதே கண், அதே வழுவழுப்பான கன்னம், நேரான வாய்.

அவளைப் பார்த்ததும் பெரியவளுக்கு அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்துகொண்டு வந்தது. கண்ணீர் இறங்கியது. இடது கன்னத்துக் கசங்கலில் அது நேராக ஓடாது. மடிப்பு மடிப்பாகத் தேங்கித் தேங்கித்தான் கீழே வரும். அது அவளுக்குத் தெரிந்தது. ஆனால் திரையில் அப்படி ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழே ஈரம் வந்த இடத்தையெல்லாம் அது உடனுக்குடன் வழித்துத் துடைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் கன்னம் காய்ந்து, பளிச்சென்று, ஒன்றுமே நடக்காதது போல இருந்தது.

பெரியவள் கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டாள். விரல் நனைந்தது. மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"இது என்னை அழக்கூட விடமாட்டேங்குதேடி" என்றாள்.

சின்னவள் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். போனைக் கவிழ்த்துத் தரையில் வைத்தாள். பெரியவள் முகத்தை மூடிக்கொள்ளவில்லை, திருப்பிக்கொள்ளவும் இல்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ள, மூக்கு ஒழுக, சத்தமாகவே அழுதாள். சின்னவள் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்கா அடிபட்ட நாளிலிருந்து அவள் அந்தக் கன்னத்தை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

அறை இருட்டிக்கொண்டு வந்தது. வாசலுக்கு வெளியே, செத்துக் கிடக்கும் லிஃப்டின் பட்டனை யாரோ வீணாக அழுத்தும் சத்தம் கேட்டது. பெரியவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். முட்டை ஆறி, எண்ணெய் வெள்ளையாக உறைந்திருந்தது.

"லைட்டைப் போடு" என்றாள். "அவர் வர்ற நேரமாச்சு."